கத்தாதவனை முதலில் பார்க்கவும்

கணினிப் போர் விளையாட்டுகளில் ரொம்பச் சுலபமான உத்தியோகம் படை மருத்துவருடையதுதான். குண்டடி பட்டவன் பக்கத்தில் போய் நின்றால் போதும். தலைக்கு மேல் பச்சையாய் ஒரு கூட்டல் குறி தோன்றும். குடல் சரிந்து கிடந்தவன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி சண்டைக்குப் போய்விடுவான். நம் ஊரில் சளிக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் குணம் கிடைக்காது.

இந்த அநியாயத்தை ஒழிக்கப் பிறந்தவன் நான்தான் என்று நம்பியிருந்தேன். கோவில்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போர் வியூக விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்த காலம் அது. "மருத்துவர்களை மட்டும் நிஜம் போலவே செய்து தருகிறேன் சார்" என்று முதலாளியிடம் நானே வலியப் போய்ச் சொன்னேன். (அவர் கேட்கவே இல்லை.)

அதே சமயம் எனக்குப் பெண்ணும் தேடிக்கொண்டிருந்தார்கள். 'பையன் கம்ப்யூட்டர்ல கேம் செய்யுதான்' என்று சொன்னதுமே சம்பந்தங்கள் கைநழுவின. ஒரு வீட்டில், "அப்ப வெளையாட்டுப் பையன்னு சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். அம்மா அழுதாள். கடைசியில் கயத்தாறில் ஓர் இடம் அமைந்தபோது சித்தப்பா பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "பையன் மிலிட்டரி லைன்ல இருக்கான்" என்று சொல்லி வைத்தார். பெண் செண்பகம், தூத்துக்குடியில் ஸ்டாஃப் நர்ஸ். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே ஒனக்குன்னு ஒரு வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் காலை விடாது. பத்தடி நடப்பதற்குள் செருப்பில் ஆட்டுக்கல் கனத்துக்கு அப்பிக்கொள்ளும். இந்தச் சேற்றில் ஒரு மருத்துவர் காயம்பட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? நடந்து பார்த்து வீடியோ எடுத்தால் விளையாட்டில் அப்படியே கொண்டுவந்துவிடலாமே! ராகு காலம் கழிந்துதானே அவர்கள் வரப்போகிறார்கள் என்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

காயம்பட்டவன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் மாரியப்பன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. (கொஞ்சம் என்பது நட்புக்காகச் சொல்வது.) கயத்தாறு ரோட்டை ஒட்டி எங்கள் புஞ்சை. ரத்தத்துக்கு அவன் சட்டை நிறைய ரோஸ் மில்க் சிரப்பை ஊற்றினேன். செல்போனை ஒரு கம்பில் கட்டி நிறுத்தினேன். தூக்கியபோதெல்லாம் அவன் சிரித்துத் தொலைத்தான்.

"ஏலே, உனக்கு நெனவே கெடையாது. என்ன நடந்தாலும் கண்ணத் தொறக்காத, வாயத் தொறக்காத. தொறந்தா மொதல்லேருந்து எடுக்கணும்" என்று மிரட்டினேன். மாரியப்பன் சொன்ன சொல் தவறாதவன். அதுதான் வினையாயிற்று.

நாலு எட்டு வைத்திருப்பேன். கரிசல் என் இடது காலைப் பிடித்துக்கொண்டது. நான் முன்னே போனேன், கால் வரவில்லை. மாரியப்பன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். கணுக்காலில் உயிர் போகிற வலி. முகமெல்லாம் சேறு. "யம்மா! செத்தேன்!" என்று அலறினேன். 'நல்லா நடிக்கிதான்' என்று நினைத்துக்கொண்டு மாரியப்பன் அசையாமல் கிடந்தான். சிரப்புக்கு எறும்பு வந்து கடித்தபோதும் அசையவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

ரோட்டில் ஒரு கார் நின்றது.

"ஏட்டி, கிட்டப் போவாத! வெட்டுக்குத்து கேஸு!" என்று ஓர் ஆண் குரல். அதைக் கேட்காமல் ஒரு பட்டுச்சேலை வரப்பில் இறங்கி வந்தது. கண்ணில் சேறு, முகம் தெரியவில்லை. ஆள் கிடைத்ததே போதும் என்று கையை நீட்டினேன்.

"யக்கா! இங்கன வாங்கக்கா! காலு போச்சுக்கா!"

சேலை என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"யக்கோவ்! நாந்தான கத்துதேன்!"

"கத்துதவருக்கு மூச்சு இருக்கு. கத்தாதவரத்தான் மொதல்ல பாக்கணும்" என்று திரும்பாமலே பதில் வந்தது. மாரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று தட்டினாள். அண்ணாச்சி வாக்குத் தவறவில்லை. நினைவு இருக்கிறதா என்று பார்க்க, அவள் விரல் முட்டியை மடக்கி அவன் நெஞ்செலும்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"ஏ யாத்தா! கொல்லுதாவளே!" என்று மாரியப்பன் எழுந்து நின்றான்.

ரோட்டில் நின்ற பெரியவர் காருக்குப் பின்னால் போய் ஒளிந்தார். "பயப்படாதிய அண்ணாச்சி" என்று மாரியப்பன் எறும்பைத் தட்டிக்கொண்டே விளக்கினான். "இது ரோஸ் மில்க்கு. நான் அடிபட்டவன், அவன் டாக்டரு. கேமுக்கு வீடியோ எடுக்கோம். சாயங்காலம் அவனப் பாக்க கயத்தாத்துலேருந்து பொண்ணு வீட்டுக்காரவிய வாராவ. அதுக்குள்ள முடிச்சிரணும்."

பெரியவர் காருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"மிலிட்டரி லைனுன்னுல்லா சொன்னாவ" என்றார் பெரியவர் மெதுவாக. ராகு காலத்துக்கு முன்னாலேயே போய்விடலாம் என்று சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று பெண்ணும் கூடவே வந்திருக்கிறாள். என் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது செண்பகம்தான். அவளைத்தான் ஊருக்கே கேட்கும்படி அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், மழை பெய்து வெடிப்பெல்லாம் மூடிக் கிடந்தது.

"உங்க கேம்ல டாக்டரு யார மொதல்ல பாப்பாரு?" என்று கேட்டாள்.

"பக்கத்துல கெடக்கவன" என்றேன் பரிதாபமாக.

"அப்ப தள்ளிச் சத்தமில்லாம கெடக்கவன் செத்துருவாம்லா!" நிஜமாகவே கோபப்பட்டாள். இல்லாத ஒரு சிப்பாய்க்காக ஒருத்தி இப்படிக் கோபப்படுவதைப் பார்த்து, அந்தச் சேற்றில் கிடந்தபடியே எனக்கு அவள்மேல் ஆசை பொங்கிவிட்டது. இதையும் கெடுத்துக்கொண்டேனே என்று அழுகையும் வந்தது.

"கேமு செய்யுதவனாம். வாட்டி, போவோம்" என்றார் பெரியவர். அவள் அவர் தோளிலிருந்த புதுத் துண்டை வாங்கி என் காலைக் கட்டினாள். "சுளுக்குதான். இவரக் கைத்தாங்கலாப் பிடிங்கப்பா. எப்படியும் இவிய வீட்டுக்குத்தான போறோம்" என்றாள்.

என் நிஜ மருத்துவரைக் கரிசல் சேற்றில் இறக்கிவிட்டதும் விளையாட்டில் போரே நின்றுபோனது. "இது சண்டையா, உழவா?" என்று கேட்டு முதலாளி பச்சைக் கூட்டல் குறியையே திரும்ப வைக்கச் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் அந்த மருத்துவர், கத்துகிறவனைத் தாண்டிப் போய்ச் சத்தமில்லாதவனைத்தான் முதலில் பார்ப்பார். மருத்துவருக்குக் காது கேட்கவில்லை என்று ஆடுகிறவர்கள் திட்டி எழுதுகிறார்கள்.

வீட்டிலும் அதே சட்டம்தான். காபி கேட்டு நான் எவ்வளவு கத்தினாலும், "மூச்சு இருக்குக்கா" என்று மகள் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். (பெற்ற தாயை அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தது மாரியப்பன்.) சரி, கோபித்துக்கொண்டு பேசாமல் படுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சத்தம் நின்ற அடுத்த நிமிஷம், விரல் முட்டியை மடக்கிக்கொண்டு செண்பகம் வந்துவிடுவாள்.