பெரியதுக்கு ஜோடியாகச் சின்னது வாங்கப் போன விவரம்

என் கூடப்பிறந்த தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தானின் வலது தோளைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

சனிக்கிழமை கிட்டார் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. நான். உன் அத்தான். கையில் அளவு நாடாவோடு என் மகன். மருமகள். மருமகளின் அண்ணன், எதைச் சொன்னாலும் "தெரியும்" என்பானே, அதனால் நம் வீட்டில் தெரியும் என்றே பேராகிப்போனவன், அவன். கடைக்கார அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தவள். ஆக ஆறு பேர். நீ வரவில்லை. ஆனால் உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது, அதனால் உன்னை அரை ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடிதத்தை மகன்தான் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். அத்தானுக்குத் தோள் இறுகிவிட்டதாமே, இனிமேல் அந்தப் பெரிய கிட்டாரை வாசிக்க முடியாதாமே, அது சும்மாதானே கிடக்கிறது, என் பேத்திக்குக் கற்றுக்கொள்ள ஆசை, அனுப்பிவைக்க முடியுமா என்று எழுதியிருந்தாய். சும்மாதானே கிடக்கிறது. அந்த இரண்டு வார்த்தையை மகன் வாசித்தபோது உன் அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கொடுத்துடலாமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்கிற மாதிரி சொன்னார் தம்பி.

நாற்பத்தொரு வருஷம் அந்த மனுஷன் ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து, கை கழுவி, ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை அந்தக் குண்டுக் கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பார். நான் காது கொடுத்தது கிடையாது, என் வேலையைப் பார்ப்பேன். எட்டு மாசத்துக்கு முன்னால் கூடத்து பல்பு போனது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன், ஸ்டூலில் ஏறினார், விழுந்தார். தோள் இறுகிவிட்டது. அந்தக் கிட்டாரின் வயிற்றுக்கு மேலாகக் கையைத் தூக்கிப் போட முடியாது. அதன் பிறகும் ஏழு மணிக்கு அதைப் பெட்டியிலிருந்து எடுப்பார், மஞ்சள் துணியால் துடைப்பார், கம்பியைச் சுருதி சேர்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். பல்பை மாற்றச் சொன்னது நான்தான் என்று இதுவரை வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அதனால் நான்தான் மகனிடம் சொன்னேன், கை எட்டுகிற மாதிரி சின்னதாக ஒன்று இருக்குமே, பார் என்று. உடனே தெரியும் வந்து உட்கார்ந்துவிட்டான். ஏற்கனவே பெரியது இருக்கும்போது இரண்டாவது வாங்குவது என்றால் அதற்கு ஜோடியாக அமைய வேண்டும், பெரியதில் எது இல்லையோ அது இதில் இருக்க வேண்டும், அதனால் பெரியதையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றான். காரில் பெரியது பெட்டியோடு பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது. நானும் மருமகளும் மீதி இடத்தில் மடங்கி உட்கார்ந்தோம். கடை இரண்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. உன் அத்தான் அதன் கதவில் காதை வைத்துப் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, என்ன கோளாறு என்று காவல்காரரிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் படி ஏறினார்.

கடையில் சுவர் முழுக்கக் கிட்டார் தொங்குகிறது. மகன் அப்பாவின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளக்கிறான், சட்டை தைக்கிற மாதிரி. தெரியும் போனைப் பார்த்து மரத்தின் பேரையெல்லாம் ஒப்பிக்கிறான். உன் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்பார். கடைக்கார அம்மாள், இது உங்களுடையது மாதிரியே இருக்கிறதே ஐயா, உடம்புதான் கொஞ்சம் ஒல்லி என்பாள். மறுபடி ஒன்றை எடுப்பார். அதுவும் அதே மாதிரி. மூன்று தடவை இப்படி. எனக்கு ஆச்சரியமே இல்லை. புதுச் சட்டை எடுக்கப் போனால் போட்டிருக்கிற நீலச் சட்டையையே திரும்ப எடுத்து வருகிற ஆள். ஒன்பது நீலச் சட்டை இருக்கிறது பீரோவில். அதைக் கடையில் எல்லோருக்கும் எண்ணிச் சொன்னேன்.

கடைக்கார அம்மாள் ஒரு யோசனை சொன்னாள். பெரியதை அவள் வாசிப்பாளாம், புதியதை இவர் வாசிப்பாராம், ஒரு ஆள் திரும்பி உட்கார்ந்துகொண்டு இப்போது பேசுவது எது என்று சொல்ல வேண்டுமாம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போனால் அது வேண்டாம், ஒன்றை ஒன்று அமுக்காமல் தனித்தனியாகக் கேட்டால் அதுதான் ஜோடி. மகன் உட்கார்ந்தான், எல்லாம் ஒன்றுதான் என்றான். தெரியும் உட்கார்ந்தான், சின்னதைப் பெரியது என்றும் பெரியதைச் சின்னது என்றும் அடித்துச் சொன்னான். அப்போது மருமகள்தான், மாடிப்படியில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்கிறவர் இங்கே இருக்கும்போது எதற்கு இவர்களைக் கேட்கிறீர்கள் என்றாள். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு. வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே ஒரு பாட்டை முனகினது நீ. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறை, நீ என் பின்னால் உட்கார்ந்திருந்தாய், சத்தம் என் பக்கமிருந்து வந்தது என்று வாத்தியார் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். மத்தியானம் முழுக்க நின்றேன். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான் என் படிப்பு. அந்தச் சுவரில் எங்கெங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது என்று இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் கிட்டார் பெரியதோடு சேர்ந்து சேறாகக் குழம்பிவிட்டது, வேண்டாம் என்றேன். இரண்டாவது தகர டப்பா. மூன்றாவதும் நான்காவதும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஐந்தாவது, அதற்கு முன்னால் யாரோ வைத்திருந்த பழையது, இடுப்பில் ஒரு கீறல் உண்டு என்று பிறகுதான் பார்த்தேன். பெரியது கீழே நின்று தரையைப் பிடித்துக்கொண்டிருக்க, இது அதன் மேலே நடந்து வந்தது. எது எது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உன் அத்தான் வாசிக்கும்போது பெருவிரல் மற்ற விரல்களைவிட ஒரு இழை தாமதமாக வரும், தம்பி. காது கொடுத்ததே கிடையாது என்று மேலே எழுதினேன் அல்லவா. அந்தத் தாமதத்தை எட்டு மாசத்துக்குப் பிறகு கேட்கிறேன். வாசிப்பு நின்ற பிறகும் நான் திரும்பவில்லை. மகன் கூப்பிட்டான், தெரியும் கூப்பிட்டான். மருமகள்தான் வந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் மறைத்து நின்றாள்.

"இன்னும் என்ன அத்தை பாக்கறீங்க சுவத்துல?"

"விரிசல் இருக்கு. பூசச் சொல்லணும்."

ஆமாம் அத்தை, பெரிய விரிசல் என்று அவளும் சொல்லிவிட்டு, கைக்குட்டையை யாருக்கும் தெரியாமல் என் மடியில் போட்டாள். என் நல்ல கத்தரிக்கோலை மூன்று வருஷத்துக்கு முன்னால் தொலைத்தாளே, அதை அன்றைக்கு மன்னித்துவிட்டேன். கத்தரிக்கோல் மட்டும்தான். மற்றது அப்படியேதான் இருக்கிறது.

ஐந்தாவது எப்படி என்று உன் அத்தானைக் கேட்டதற்கு அவர், "இவ குரல் மாதிரி இருக்கு. எந்தக் கூட்டத்துலயும் தனியாக் கேக்கும்" என்றார். கடையே சிரித்தது. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

சின்னதை வாங்கிக்கொண்டு காரில் வருகிறோம். பாதி வழியில் தெரியும், பிறந்ததிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்காதவன், வாயைத் திறந்து கேட்டான்: "ஆமா, வீட்டுல பெரியத யாரு வாசிப்பாங்க?" ஐந்து பேர் சேர்ந்து அரை நாள் முழுக்க இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறோம், வீட்டில் வாசிக்கிற ஆள் ஒருத்தர், அவருக்கும் ஒரு கைதான் ஒழுங்கு. கடைக்கார அம்மாளைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா? மகன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஏழு மணிக்கு உன் அத்தான் சின்னதை எடுத்து உட்கார்ந்தார். கை எட்டியது. வாசித்தார். பெரியதைப் பெட்டியில் வைக்க மறந்து மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். ஒன்று நின்றது, மூலையில் இருந்தது நிற்காமல் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே அடங்கியது. போய் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன், மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஒருத்தரும் தொடவில்லை, இவர் இங்கே ஒரு கம்பியைத் தட்டினால் அங்கே அதே சுருதிக் கம்பி தானாக அதிர்கிறது. எட்டு மாசம் துடைத்துச் சுருதி சேர்த்து வைத்தது வீண் போகவில்லை. உன் அத்தான் பார்த்தார், சிரித்தார், அன்றைக்கு எட்டு மணி ஆகியும் நிறுத்தவில்லை.

ஆகவே தம்பி, அது சும்மா கிடக்கவில்லை. வாசிக்க ஆள் இல்லாமலே வேலை செய்கிறது. அனுப்ப முடியாது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் என் ஆசி, எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீயும் நூறு வருஷம் இருக்க வேண்டும், அத்தனை வருஷமும் நான் உன்னை மன்னிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க உன் அத்தானிடம் இதைக் கொடுத்தேன். பதினொன்று கண்டுபிடித்துவிட்டு, உன் பேத்திக்கு என்ன வயது என்று கேட்டார். பதினாறு என்றேன். கை நீளமா என்று கேட்டார். நம் வீட்டுக் கைதானே, நீளம்தான் என்றேன். உடனே பெரியதுக்குப் புதுக் கம்பி மாட்ட உட்கார்ந்துவிட்டார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை அனுப்பு. பெரியதை அவள் வாசிக்கட்டும், சின்னதை இவர் வாசிக்கட்டும், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யாருடைய விரல் எது என்று சொல்கிறேன். கை பழகியபிறகு அவள் அதைக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசலாம். மேலே உன்னை மன்னிக்க மாட்டேன் என்று எழுதியதை இனி அடித்தால் தாள் கிழிந்துவிடும், நீயே அடித்துக்கொள். அந்த இடத்தில் சரியான ஆளை எழுதிக்கொள்: அத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு, முனகியது முன் பெஞ்சா பின் பெஞ்சா என்று தெரியாமல் போன மூன்றாம் வகுப்பு வாத்தியார்.