எவேலியோ இழுத்த தடம்

கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க வந்த ஹெல்கா அம்மாள், காலை பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு, ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவார். ஆமை இன்னும் வந்தபாடில்லை.

ஆமை காட்டும் வழிகாட்டி எவேலியோமீது ஆமையைக் காட்டவில்லை என்று ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் வழிகாட்டிகள் சங்கம் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடும். கோஸ்டா ரிக்கா கரையில் இருபது வருடம் அலைந்து அவர் உருப்படியாகக் கற்றது, ஆமை எங்கே வராது என்பதை மட்டும்தான். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்றிரவு சிரிக்க நேரமில்லை. பழைய லாரி டயரைக் கயிற்றில் கட்டி, அலை விளிம்பிலிருந்து மேட்டு மணல்வரை ஆமை ஊர்ந்த தடம்போல இழுத்தார். அங்கே ஒரு குழி பறித்து மூடினார். தன் காலடிகளைத் தென்னை மட்டையால் பெருக்கினார். ஆமைக்கு எப்படித்தான் முதுகு வலிக்காமல் இருக்கிறதோ என்று நொந்துகொண்டார்.

"பாருங்கம்மா, வந்து முட்டை போட்டுட்டுப் போயிருக்கு!"

ஹெல்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் ஆமை ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் மரிசெல்லை அழைத்து வந்தார்.

டாக்டர் தடத்தைப் பார்த்தார். எவேலியோவைப் பார்த்தார். குச்சி நட்டு எண் எழுதினார்.

"இந்தப் பக்கம் ஒரு கூட்டையும் நாய் விட்டுவைக்கிறதில்ல. பொரியிற வரைக்கும் யாராவது காவல் இருக்கணுமே."

"நம்ம எவேலியோ இருக்காரே!" என்றார் ஹெல்கா. "பொரியிற அன்னிக்கு நானும் வந்துடுறேன்."

குடை, நாற்காலி, நாய் விரட்டக் கம்பு என்று எவேலியோ மணலில் குடியேறினார். பத்தாம் நாள் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், இதுல முட்டையே இல்லையோன்னு தோணுது."

"அப்படியா? தோண்டிப் பாத்துடலாமா?"

"ஐயோ, வேண்டாம்! உள்ள என்னமோ அசையுற மாதிரி இருக்கு."

பத்து நாள் முட்டை அசையுமா என்று டாக்டர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பினார். பிள்ளைகள் வாரா வாரம் வந்து வெறும் குழிக்குப் பாட்டுப் பாடினார்கள். எவேலியோ தாளம் போட்டார்.

ஐம்பத்தைந்தாம் நாள் சாயங்காலம் ஹெல்கா வந்து இறங்கினார். ஊரே கூடியிருந்தது. எவேலியோவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டாக்டர், அடியில ஒண்ணுமே இல்ல. டயரை இழுத்தது நான்தான்," என்று அட்டையைக் கழற்றி நீட்டினார்.

யாரும் திடுக்கிடவில்லை. எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபதடி தள்ளி மணல் பொங்கிக் குஞ்சுகள் கடலை நோக்கித் தத்தின. அதற்கப்பால் இன்னொரு கூடும் திறந்தது. அவர் காவலில் நாய் தொடாத கூடுகள். எவேலியோ சந்தோஷத்தில் நீட்டிய அட்டையை மறந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"அப்போ... என் விஷயம் முன்னாடியே தெரியுமா?"

இளநீர் சீவிக்கொண்டிருந்த எலோய்சா நிமிராமலே சொன்னாள்: "ஏறி வந்த தடம் இருக்கு, எறங்கிப் போன தடத்தக் காணோம், அந்த ஆமையவே காவலுக்கு உக்கார வச்சுட்டேன்னு டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்கண்ணே!"