பொண்டாட்டி நோய்க்குப் புருஷன் வாய்

டாக்டர் முன்னால் மனைவியை உட்காரவைத்துவிட்டு, அவள் நோயைத் தன் வாயால் சொல்கிற புருஷன் இனம் ஒன்று உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்க்கலாம்.

நம்ம குழாய் மேஸ்திரி அதில் முதல் தரம். ஊரார் வீட்டில், "எங்க ஒழுகுது, சொட்டா, ஓட்டமா?" என்று குடைந்தெடுப்பார். தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று சொந்த மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது மட்டும் அவர் நாக்கு மடங்கிக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம், "வயித்துல சின்ன ஆபரேஷன்."

கசிவு நின்றது, வாஸ்தவம். ஆனால் அதன்பிறகு முக்கினாலும் சிறுநீர் சரியாகப் போகவில்லை. அடிவயிறு கல்லாய்க் கனத்தது.

"ஆபரேஷன் பண்ணின டாக்டரம்மாகிட்டயே போவோங்க."

"அங்க தெரிஞ்சவன் எவனாவது பார்த்தா? என்னத்தச் சொல்றது?"

அவஸ்தை அவளுக்கு. மானம் இவருக்கு!

தெருமுனை கிளினிக்கில் இவர் சொன்னார்: "வயித்துவலி சார்." வாயு மாத்திரை கிடைத்தது. அடுத்த டாக்டரிடமும் வயிறே. அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோளாறோ மறுமுனையில்! அவள் "அது வந்து டாக்டர்..." என்று வாயெடுத்தாலே, "நீ சும்மா இரு, நான் சொல்றேன்ல" என்று அடக்கிவிடுவார். டாக்டர்கள் என்ன ஜோசியமா பார்ப்பார்கள்?

மூன்றாவது டாக்டர் யோசித்துச் சொன்னார்: "பித்தப்பையில கல் இருக்கலாம். ஸ்கேன் பார்ப்போம். இருந்தா எடுத்துடலாம்."

"எடுத்துடுங்க சார்!" என்றார் மேஸ்திரி, பழைய வாஷரைக் கழற்றச் சொல்கிற மாதிரி.

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"எடுக்கறதா இருந்தா முதல்ல இவர் வாயை எடுங்க டாக்டர்! என் வயித்துக்கு ஒரு கேடும் இல்ல. கசியுதுன்னு ஆபரேஷன் பண்ணினாங்க. இப்ப மூத்திரம் போகல. காலையிலிருந்து சொட்டுகூட இல்ல."

வெளியே வரிசையில் இருந்தவர்கள் வரை கேட்டது. மேஸ்திரி தரையைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை எழுதினால் மரியாதை இருக்காது. உடனே நர்ஸை அழைத்து, டியூப் போட்டு வடியவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போனது. "ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும், அன்னைக்கே வந்திருக்கலாமே!" என்றார் அந்த அம்மா. மேஸ்திரி மனைவி கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

நீங்கள் சிரிப்பது இருக்கட்டும். போன தடவை டாக்டர் உங்கள் வீட்டம்மாவிடம், "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொன்னது யாருங்க?