சூரை வீரர் சங்கத்தில் முள்ளம்பன்றி சேர்ந்த கதை

ஒரு காட்டில், கடலுக்கு அடுத்தாற்போல் இருப்பதாலேயே கொஞ்சம் தலைக்கனம் பிடித்த காட்டில், சடையாண்டி என்ற முள்ளம்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அங்கே இருந்தது ஒரே குளம். கோடையில் விடிவதற்குள் விலங்குகள் வரிசை கட்டிவிடும். ஆனால் ‘ஆழ்கடல் சூரை வீரர் சங்க’ உறுப்பினர்கள் மட்டும் வரிசையில் நிற்காமல் நேரே போய்க் குடிப்பார்கள். கடலில் மீன் பிடித்தவருக்குக் குளத்தில் ஏன் முன்னுரிமை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும்.

“மூணு நாளா நம்ம முறை வர்றப்ப சேறுதான் கெடக்கு. புள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு,” என்றது மனைவி.

சடையாண்டிக்கு வெட்கமாகப் போயிற்று. சங்கத்தின் விண்ணப்பத்தை வாங்கி வந்தது. மூன்று பிரதிகள். ஒவ்வொன்றிலும், தானே பிடித்த சூரை மீனைக் கட்டிப்பிடித்தபடி ஒரு போட்டோ ஒட்ட வேண்டும்.

மறுநாளே சவேரி என்ற நீர்நாயின் வாடகைப் படகில் கிளம்பிற்று. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிய நிமிடமே முட்கள் அதைச் சல்லடையாக்கிவிட்டன. கரை மறையும் தூரம் போய், நான்கு தூண்டில்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு சுற்றினார்கள். உச்சிவெயில் வரை சடையாண்டி வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

சவேரி ஐஸ் பெட்டியைத் திறந்து, கட்டையாய் விறைத்த ஒரு சூரையை எடுத்தது. அதன் வாலோரத்தில் ஒரு துண்டைக் காணவில்லை.

“புடிங்கண்ணே, போட்டோ எடுத்துருவோம். நாலு வருசமா எல்லாரும் இதோடதான் எடுக்காங்க.”

“சங்கத் தலைவர் யானையுமா?”

“அவரு தூக்கி ஒண்ணு, முத்தங் குடுத்து ஒண்ணு.”

“வேணாம் தம்பி. நான் நெசமாவே புடிக்கிறேன்.”

இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக சடையாண்டியைப் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன்.

சற்று நேரத்தில் ஒரு தூண்டில் வளைந்தது. இரண்டு மணி நேரம் இழுத்து, கை தோலுரிந்து, தன்னைவிடப் பெரிய சூரையைப் படகில் ஏற்றிவிட்டது சடையாண்டி. போட்டோவும் எடுத்து, மீனையும் சுமந்துகொண்டு நேரே சங்க ஆபீசுக்குப் போயிற்று.

சங்கத்தின் எழுத்தர் ஒரு கீரிப்பிள்ளை. போட்டோவைப் பார்த்தது, சுவரில் மாட்டியிருந்த நாற்பது போட்டோக்களைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது.

“இது சூரை இல்லீங்களே. சூரைக்கு வால்ல ஒரு துண்டு இருக்காது. வேணும்னா சுவத்துல பாருங்க.”

“மீனே இங்க இருக்குங்க,” என்று சடையாண்டி அதை மேசைமேல் போட்டது.

கீரிப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது. “நாத்தம் வேற அடிக்குது. நம்ம வீரர்கள் மேல ஒருநாளும் மீன் வாடை அடிச்சதில்ல. நிராகரிக்கிறேன்.”

சடையாண்டிக்குப் பிள்ளைகளின் நாக்கு நினைவுக்கு வந்தது. குனிந்து, தன் மீனின் வாலில் ஒரு துண்டைக் கடித்துத் துப்பியது.

கீரிப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. “இப்பத்தான் சூரை மாதிரி இருக்கு. கொஞ்சம் கட்டிப்பிடிங்க, நானே போட்டோ எடுத்துடறேன்.”

மறுநாள் காலையில் சடையாண்டியின் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் குளத்தில் இறங்கி, வயிறு முட்டக் குடித்தன.

நீதி: உண்மையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவர்கள், அங்கே சுவரில் எந்தப் பொய் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி உண்மையைக் கடித்துக்கொள்ளவும்.