சம்பந்தி அனுப்பிய அச்சார்

போத்தலின் அடி கண்ணில் பட்ட பிறகுதான் யோகராசாவுக்குப் புத்தி தெளிந்தது. அச்சார் முடிந்துவிட்டது. அது மகள் அபிஷாவுக்கு மாமியாராக வரப்போகிறவர் ஆசையோடு அனுப்பிய போத்தல்.

மாப்பிள்ளை யூலியனின் தகப்பன் நோர்வேக்காரர். தாய் மெய் லிங், மலேசியாவில் பினாங்கில் பிறந்த சீனப் பெண். வெள்ளரிக்காய், கரட், அன்னாசி எல்லாவற்றையும் வாடவைத்து, மஞ்சளும் மிளகாயும் அரைத்த கூட்டில் பிரட்டி, வினாகிரி விட்டு, மேலே இடித்த கச்சான் கடலையும் எள்ளும் தூவிய ஊறுகாய் அது. மலாய்க்காரர் பெயர், சீனக் கைப்பக்குவம், நம்முடைய மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் இப்படியும் ஒரு ருசி வருமா! புளிப்பு முதலில் வரும். இனிப்பு பின்னால் வரும். எல்லாரும் போன பிறகு உறைப்பு ஆறுதலாக வரும். யோகராசா பாணோடு தின்றார், புட்டோடு தின்றார், கடைசியில் ஒன்றுமில்லாமலே தின்றார்.

"சனிக்கிழமை சம்பந்தி வரேக்கைதான் போத்திலைத் திறக்கிறது. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது!" என்று மனைவி புஷ்பராணி கட்டளை போட்டிருந்தார். நல்ல சாமான் எதுவும் விருந்தாளிக்குத்தான் என்பது யாழ்ப்பாணத்து வீடுகளின் சட்டம். அது அவர்கள் குடியிருக்கும் ஒஸ்லோ புறநகர் ஹவுகன்ஸ்டுவாவிலும் செல்லும்.

இன்று வெள்ளிக்கிழமை. மனைவி வேலைக்குப் போனதும், போத்தலைத் திரும்ப நிரப்பிவைக்க யோகராசா மரக்கறி வெட்ட உட்கார்ந்தார். இணையத்தில் பார்த்த செய்முறைப்படி, வெட்டியதை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டுமாம். ஒஸ்லோவில், நவம்பரில், வெயிலுக்கு எங்கே போவது? குளியலறையில், மின்சாரத்தில் சூடாகும் தரையில் துவாயை விரித்துப் பரப்பினார்.

"அப்பா! பாத்ரூமுக்குள்ளை என்னத்துக்கு வெள்ளரிக்காய்?"

"சத்தம் போடாதை பிள்ளை. உன்ரை கலியாணம்தான் காயுது."

ருசி பார்த்தார். புளித்தது, சீனி போட்டார். பாணியாகிவிட்டது, உப்புப் போட்டார். கரித்தது, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார். அதற்குப் பிறகு அவருடைய நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் போத்தல் கழுத்துவரை நிரம்பியிருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை மெய் லிங் மகனோடு வந்தார். சம்பந்திகள் கூடினால் பேச்சு நோர்வேஜிய மொழியில்தான். மேசையில் இருந்த போத்தலைக் கண்டதும் அவருடைய முகம் வாடியது.

"ஒரு கரண்டிகூடச் சாப்பிடவில்லையா?"

"தொடவே இல்லை! அப்படியே வைத்திருக்கிறோம்" என்றார் புஷ்பராணி பெருமையோடு.

"எங்கள் வீட்டில் பிடிக்காததைத்தான் அப்படி வைப்போம்" என்று மெய் லிங் எழுந்து கோட்டை எடுத்தார்.

யூலியன் அபிஷாவைப் பார்த்தான். அபிஷாவின் கண்கள் கலங்கின. அதை மட்டும் யோகராசாவால் தாங்க முடியவில்லை.

"நான் தின்றுவிட்டேன்!" என்று கத்தினார். "முழுப் போத்தலையும்! வழித்து நக்கிவிட்டேன். இது நான் செய்த கள்ளச் சரக்கு!"

மெய் லிங்கின் கை கோட்டிலேயே நின்றது. திரும்பி வந்து, கள்ளச் சரக்கில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். இருமினார். கண்ணால் நீர் ஓடியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை. கலியாணத்தைக் கோடையில் வைப்போமா?"

அபிஷா ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள்.

"அப்படி என்னதான் பிடித்தது என் அச்சாரில்?" என்று மெய் லிங் கேட்டார்.

யோகராசா மடை திறந்தார். "அந்த உறைப்பு வருகிற வரவு! அந்தக் கச்சானின் பதம்! இந்த வயதுக்கு அப்படி ஒன்றை நான் வாயில் வைத்ததில்லை. கைப்பக்குவம் என்றால் அது! எங்கள் வீட்டில் நான் இத்தனை காலமும் என்னத்தைத் தின்றேனோ!"

புஷ்பராணி சம்பந்தியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல், கணவரின் காதோடு தமிழில் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, அவ தந்ததை வந்த அண்டைக்கே நான் முடிச்சிட்டன். நீங்கள் திண்டது நான் செய்து வைச்சது."