ஐந்தே ஐந்து காரணங்கள்

மனித குலத்தின் சகல குழப்பங்களுக்கும் ஒரு முடிவான பட்டியல் போதும் என்று உலகுக்கு உணர்த்திய பெருமை, அந்த அலுவலகத்தின் மூத்த புரோகிராமரையே சாரும்.

அதுவரை ஊழியர்கள் விடுப்புக்கான காரணத்தைத் தம் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். "மனசு சரியில்லை" என்றுகூட ஒருத்தி எழுதியிருந்தாள். அடாத செயல்! புரோகிராமர் கொதித்தெழுந்தார். மென்பொருளில் 'எனம்' என்றொரு வசதி உண்டு. இன்னின்ன மதிப்புகள்தான் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் வேறொன்றை நுழைக்க முடியாது.

மூன்று நாள் கூட்டம் போட்டு ஐந்து காரணங்கள் 'இறுதி செய்யப்பட்டன': காய்ச்சல், கல்யாணம், மரணம், பயணம், வீடு மாற்றம்.

"'மற்றவை'ன்னு ஒண்ணு போட்டு வைக்கலாமே சார்?" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"அது சோம்பேறிங்க ஒளிஞ்சுக்கிற இடம்மா!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் நடுப்பகலில் புரோகிராமருக்கு மாமியாரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, அவளுக்கு வலி எடுத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். உடனே வாங்க!"

தலைப்பிரசவம். புரோகிராமருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசல் கதவோ வேலை நேரத்தில் விடுப்பு ஏற்கப்பட்டால்தான் திறக்கும். அந்த ஏற்பாடும் அவருடையதுதான். மேலாளரிடம் ஓடினார்.

"சார், பட்டியல்ல பிரசவம்னு ஒண்ணு சேர்த்துக்கறேன். ரெண்டே நிமிஷம்!"

"ஒண்ணு சேர்த்தா நாப்பது இடத்துல மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? கூட்டம் போட்டுப் பேசணும். வியாழக்கிழமை வெச்சுக்கலாமா?"

"அதுக்குள்ள குழந்தையே பொறந்துடும் சார்!"

"அப்ப விடுப்பே தேவைப்படாதே. நல்லதாப் போச்சு."

புரோகிராமர் திரைமுன் உட்கார்ந்தார். காய்ச்சல் மருத்துவச் சான்று கேட்டது. கல்யாணம் பத்திரிகை கேட்டது. பயணம் டிக்கெட் கேட்டது. வீடு மாற்றம் புது முகவரி கேட்டது. மரணம் மட்டும் மிகுந்த பண்போடு, 'யார்?' என்று கேட்டது. அதற்கும் ஒரு பட்டியல்: தந்தை, தாய், மனைவி, சுயம். எதிலும் குறை வைக்காதவர் அல்லவா! பெற்றவர்களையும் கட்டியவளையும் சாகடிக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'சுயம்' என்பதை அழுத்தினார். கதவு திறந்தது.

அவர் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அலுவலகத்தின் இரங்கல் செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டதால், மாமியார் ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தார். புரோகிராமர் நடந்ததை ஒன்றுவிடாமல் விளக்கினார். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த அஞ்சையும் நீங்களேதான் யோசிச்சு எழுதினீங்களா?"

"ஆமா. மூணு நாள்!" அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஒன்பது மாசமா தினம் என் வயித்தைப் பார்த்துக்கிட்டே ஆபீஸ் போனீங்க. வீடு மாத்துறதுகூட ஞாபகம் வந்துச்சு. இது வரலையா?"