மேற்படியாரும் என் பத்து விரல்களும்

மேற்படியார் மனு போடாத ஆசாமி இந்த ஈரேழு பதினாலு லோகத்திலும் இரண்டே பேர்தான். ஒருவர் சீமையில் இருக்கிற சக்கரவர்த்தி. தபால் செலவு கட்டுபடியாகாது என்று விட்டுவிட்டார். இன்னொருவர் எமதர்மராஜா, விலாசம் சரியாகத் தெரியவில்லை. மற்றபடி கலெக்டர், தாசில்தார், ஸ்டேஷன் மாஸ்டர், கோயில் தர்மகர்த்தா, பால்காரன் என்று ஒருத்தரும் அவரிடமிருந்து தப்பியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. தென்காசியில் தாலுகா கச்சேரி வாசலில், முத்திரைத்தாள் விற்கிறவருக்குப் பக்கத்தில், ஒரு சாதிக்காய்ப் பலகைப் பெட்டியை முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பது வருஷம் எழுதி எழுதி, மனு பாஷை அவர் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு விட்டது. வார்த்தைக்கு வார்த்தை 'மேற்படி'தான்; அதனால் ஊரில் மேற்படியார். காப்பி ஹோட்டலில் அவர் வாயைத் திறந்தாலே போதும், சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"ஓய், மேற்படி தோசைக்கு அனுபந்தமா ஒரு வடை வையும். வடை ஆறிப்போயிருக்கும் பட்சத்தில் மேற்படி வடையை வாபஸ் வாங்கிக்கிட வேண்டியது."

ஒரு வருஷம் மழை பொய்த்துப் போயிற்று. எல்லாரும் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். இவர் காசி விசுவநாதருக்கு எட்டு பாராவில் ஒரு மனு எழுதி உண்டியலில் போட்டார். அடியில் 'நகல்: உலகம்மன், தகவலுக்காக' என்று வேறு எழுதியிருந்தார். மூன்றாம் நாள் பிடித்தது பாருங்கள் மழை! ஒரு வாரம் விடவில்லை. மேற்படியார் வீட்டுச் சுவரே விழுந்துவிட்டது. நனைந்த வேட்டியோடு கோயில் மொட்டைக் கோபுரத்துக்குள் ஓடி, 'மேற்படி மனுவின் பேரில் தேவரீர் எடுத்த நடவடிக்கை போதும்' என்று இரண்டாவது மனுவைப் போட்டுவிட்டு வந்தார்.

இந்த மனுஷனிடம் போய் நான் மாட்டிக்கொண்டதும், அதனால் பிழைத்ததும்தான் கதை.

அதே கச்சேரியில் நான் நகல் குமாஸ்தா. என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஒரு தஸ்தாவேஜுக்கு நான் நகல் எடுத்துக் கொடுத்தால், அசலைத் தூர வைத்துவிட்டு நகலைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இப்போது அதைச் சொல்லத்தான் முடிகிறது, எழுத முடிகிறதா? இந்தக் கட்டுரையைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். "அப்பா, பெருமையைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க, மை தீருது" என்கிறாள்.

முப்பத்தாறாவது வயதில் எனக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் விரல் கணுக்கள் வீங்கின. பிறகு வளைந்தன. காலையில் எழுந்தால் பத்து விரலும் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு திக்கில் நிற்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது, வேட்டி கட்ட முடியாது. உச்சி வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். இளகி என்ன பிரயோஜனம்? பேனாவைப் பிடித்தால் நாலு வரிக்குள் அது மேஜைக்குக் கீழே கிடக்கும்.

வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் சர்க்காரில் பென்ஷன் உண்டு. சர்டிபிகேட் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் பெண்டாட்டியும் மூன்று குழந்தைகளும் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் போய் மேற்படியாருடைய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மனுவை ஜோராக எழுதினார். அதோடு விட்டாரா? திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்க வேண்டிய அன்றைக்கு விடியுமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஓய், பெரிய மனுசன் முன்னால போறீரு. மனு மட்டும் சுத்தமா இருந்தாப் போதாது. மனுதாரரும் சுத்தமா இருக்கணும்."

நாவிதரை வரவழைத்து எனக்குச் சவரம் செய்வித்தார். கஞ்சி போட்ட சட்டையை மாட்டி ஒவ்வொரு பித்தானாகத் தம் கையால் போட்டுவிட்டார். தம்முடைய சரிகைத் தலைப்பாகையை எனக்குக் கட்டினார். என்னோடு ரயிலேறித் திருநெல்வேலிக்கும் வந்து, டாக்டர் அறை வாசலில் வைத்து, மரியாதைக்குக் கொடுக்கவென்று புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்றை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கி, "கீழ விட்டுராதேயும்" என்று உள்ளே தள்ளினார். அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. பழத்தைக் கீழே விடாமல் டாக்டரிடம் சமர்ப்பித்துவிட்டேன். எனக்கே என்னை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. 'மனுதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். சட்டைப் பித்தான்கள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. இரு கைகளாலும் பழத்தைப் பிடித்துக் கொடுத்தார். வேலைக்கு லாயக்கானவர். மனு தள்ளப்பட்டது.'

"நம்ம கலியாணத்தன்னைக்குக் கூட நீங்க இம்புட்டு லட்சணமா இல்ல. அப்பமே நினைச்சேன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள்.

மேற்படியார் அந்த உத்தரவை மூன்று தரம் வாசித்தார். மடித்தார். பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்.

"அப்பீல் மனு போடணும். மேற்படி விரல்களை நேரில் பார்வையிட வந்திருக்கேன்."

"அண்ணாச்சி, இந்நேரத்துலயா?"

"விரலுக்கு நேரம் காலம் உண்டுமா ஓய்? படுத்துக்கிடும், படுத்துக்கிடும். நான் இல்லேன்னு நினைச்சுக்கிடும்."

அடுப்பு பற்றுமுன்னே வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவரை இல்லையென்று எப்படி நினைப்பது? ஏழு நாள் இந்தக் கூத்து நடந்தது. எல்லாவற்றையும் எழுதினார். 'ஐந்தரை மணி: மனுதாரர் டம்ளரைப் பிடித்தார், விழுந்தது. ஆறு மணி: மனுதாரருக்கு மனைவி காப்பி புகட்டினார். ஆறேகால்: மேற்படி மனைவி அடியேனை முறைத்தார். பதினோரு மணி: வலக்கைச் சுட்டுவிரல் சற்று இளகிற்று.' கச்சேரிக்குப் பதினோரு மணிக்குமேல் போனதால் அந்த ஏழு நாளும் அவருக்குப் பாதி வரும்படிதான்.

அந்த டாக்டருக்கும் மேலே உள்ள பெரிய டாக்டர் அந்தச் சமயம் சீசனுக்காகக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். அவருக்கு இருபத்திரண்டு பாராவில் அப்பீல் போயிற்று. கடைசிப் பாராவில், 'மனுதாரரைச் சூரியோதயத்தில் பார்வையிட வேண்டியது' என்று இருந்தது. பெரிய டாக்டருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வரலாம் என்று பதில் வந்தது.

இந்தத் தடவை மேற்படியாருடைய உத்தரவு அடியோடு வேறே. சவரம் கூடாது. எண்ணெய் கூடாது. பித்தான் கூடாது. குளியல் அறவே கூடாது.

"குளிக்காமலா? குத்தாலத்துக்கா?" என்று என் மனைவி கன்னத்தில் கைவைத்தாள். "குத்தாலத்துக்குப் போயிட்டுக் குளிக்காமத் திரும்பினவுக இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீக."

மாட்டுவண்டியில் போனோம். சாரல் முகத்தில் அடிக்கிறது. பத்து நாள் தாடியும் திறந்த சட்டையுமாக நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறேன். வழியில் மேலகரத்தில் தெரிந்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஐயோ, வீட்டுல யாரும் தவறிட்டாகளா?" என்று துக்கம் விசாரித்தார். "மேற்படி மனுதாரர் குடும்பத்தில் யாவரும் க்ஷேமம். ஏலே, வண்டிய ஓட்டு" என்றார் மேற்படியார்.

பெரிய டாக்டர் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக அருவிக்குக் கிளம்பி நின்றார். வராந்தா மேஜையில் அவரைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த எலுமிச்சம்பழம் குவிந்து கிடந்தது. மேற்படியார் கும்பிட்டுவிட்டு, அப்பீலின் பிரதியைக் கையில் எடுத்து முதல் பாராவிலிருந்து ஆரம்பித்தார். பெரிய டாக்டர் அருவி இருக்கிற திசையைப் பார்த்தார். மூன்றாவது பாரா. நாலாவது பாரா. எண்ணெய் காது வழியாக வழிகிறது. எட்டாவது பாரா நடக்கும்போது கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று எட்டி, அத்தனை காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது.

"நல்லதாப் போச்சு" என்று பெரிய டாக்டர் வாய்விட்டே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, மேஜையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். "இந்தாரும், இதைப் பிடியும்."

கையை நீட்டினேன். கையில் பட்டு, நிற்காமல் உருண்டு கீழே விழுந்தது. பெரிய மனுஷர் கொடுத்த பழம் தரையில் கிடக்கலாமா? குனிந்து எடுக்கப் போனேன். விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளப் பார்த்தேன், உருண்டது. மண்டிபோட்டு அதன் பின்னாலேயே போனேன், மறுபடியும் உருண்டது. தஸ்தாவேஜுகளை அச்சுப் போல எழுதின கை! மானமே போயிற்று. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

மேற்படியார் சட்டென்று என் பக்கத்தில் குந்தி அந்தப் பழத்தை எடுத்தார். கையில் காகிதம் இல்லை. அவர் மனு பாஷை இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஐயா, அன்னைக்கு இவன் சட்டைக்குப் பித்தான் போட்டது நான். தலைப்பா கட்டினது நான். பழத்தை இவன் கைக்கு நடுவுல வச்சு அமுக்கினதும் நான்தான். பெரிய மனுசன் முன்னால மரியாதையாப் போகணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. அந்த மரியாதை இவன் பிள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு. தப்பு என் தப்பு, ஐயா. இவன் வெரலைப் பாருங்க."

சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பெரிய டாக்டர் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏழு நாளையும் பக்கம் பக்கமாக வாசித்தார். மனைவி முறைத்த இடத்தில் மட்டும் சிரித்தார். அப்புறம் என் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தார்.

"காலையிலதான் ஜாஸ்தியா இருக்கு. திருநெல்வேலி டாக்டர் மத்தியானத்திலே பார்த்திருக்கார்" என்றார். "இதை எழுதினவர் வைத்தியமே படிச்சிருக்கலாம்."

"படிச்சிருந்தா யாரு மனு எழுதுவா?" என்று கேட்டார் மேற்படியார்.

அங்கேயே கையெழுத்தாயிற்று. திரும்பும்போது, பக்கத்தில்தானே அருவி, குளித்துவிட்டுப் போகலாம் என்றேன். "உத்தரவு கைக்கு வாரவரைக்கும் குளிக்கப்படாது ஓய்" என்று வண்டியில் ஏற்றிவிட்டார். பதினாறு நாள் கழித்துத்தான் உத்தரவு வந்தது. என் மனைவி அந்தப் பதினாறு நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டாள்.

என் குழந்தைகள் பட்டினி கிடக்காததற்கு அந்த மனுஷன்தான் காரணம். இதை எந்தக் கோயிலிலும் நின்று சொல்வேன். பென்ஷன் உத்தரவு கிடைத்த அன்றைக்கு அவர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இந்த நன்றிய நான் எப்படிச் சொல்லுதது?"

"வாய்மொழி எல்லாம் செல்லாது வே. எழுத்து மூலமாக் கொடும்" என்றவர், என் கையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பென்ஷன் வாங்க மாதாமாதம் கஜானாவில் கையெழுத்துப் போட வேண்டும். என்னால் முடியாதே! கைநாட்டுத்தான். முதல் மாதம் என் பெருவிரலில் மை தடவும்போது எனக்கு உயிரே போயிற்று. மேற்படியார்தான் விரலைப் பிடித்து மெதுவாக அமுக்கினார். பக்கத்தில் சாட்சி எழுத வேண்டும்: 'இது இன்னாருடைய கைநாட்டு என்று நான் அறிவேன்.' அதை எழுதினார். எழுதிவிட்டுக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'மேற்படி கைநாட்டு, தென்காசியிலேயே அழகான கையெழுத்து உடையவருடையது.'

கஜானா குமாஸ்தா கடையநல்லூர்க்காரர், சட்டத்தைத் தாண்டாதவர். "அண்ணாச்சி, இதெல்லாம் இங்கன எழுதப்படாது" என்று சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். அடுத்த மாதமும் இவர் எழுதினார், அவர் அடித்தார். இப்படி ஒன்பது வருஷம். ஒரு மாதம்கூட இவர் எழுதத் தவறவில்லை; ஒரு மாதம்கூட அவர் அடிக்கத் தவறவில்லை.

போன ஐப்பசியில் மேற்படியார் காலமானார். கார்த்திகையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு கஜானாவுக்குப் போனேன். முத்திரைத்தாள் விற்கிறவர் சாட்சி எழுதினார், ஒரே ஒரு வரி. குமாஸ்தா வழக்கம்போலச் சிவப்பு மைப் பேனாவை எடுத்தவர், காகிதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அடிக்க ஒண்ணுமில்லையே அண்ணாச்சி" என்றார்.

பிறகு குனிந்து, அதே சிவப்பு மையால், விட்டுப்போன வரியைத் தாமே எழுதினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை, மனப்பாடம். மையொற்றும் தாளை எடுத்து ஒற்றினார்.

"அடிக்கலையா?" என்று கேட்டேன்.

"அடிச்சா, திரும்ப எழுத அவுக வரணும்லா?" என்றார்.